கொசுவலைச் சட்டத்தில் கோமேதகம்

சுடலைமுத்து சார் ஐம்பது வயதைத் தாண்டியபிறகு மாணவரானார். அவருடைய குருவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு.

கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் திடப்பொருள் வேதியியல் ஆய்வகம் இருந்தது. டாக்டர் ஜெசிந்தா அதை நடத்தினார். அங்கே வேலை எளிது. பொடிகளைக் கல்வத்தில் அரைக்க வேண்டும், உலையில் சுட வேண்டும், எக்ஸ்ரே காட்டி உள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி அரைக்க வேண்டும். பெரும்பாலும் மறுபடி அரைப்பதுதான் நடக்கும்.

சுடலைமுத்து அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர். கௌரவம் பேரில் மட்டும்தான். எந்தக் கல்லூரியில் காலியிடம் விழுகிறதோ அங்கே போய் உட்காருவார். நிரந்தர ஆள் வந்ததும் எழுந்து அடுத்த ஊருக்குப் போவார். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி எந்த ஊரிலும் இருந்ததில்லை. இப்படியே தலை நரைத்துவிட்டது. டாக்டர் பட்டம் கைக்கு வந்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம், வயது வரம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதற்காகத்தான் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி முழுசாக வெளியே வருவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவார். சரியோ தப்போ, பதில் கட்டாயம் உண்டு. வாத்தியார் ஒரு நொடி வாயடைத்து நின்றால் பையன்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்.

முதல் நாள் ஜெசிந்தா அவரிடம் பேச ஆரம்பித்தார்.

“சார், தண்ணி ஏன்...”

“ஹைட்ரஜன் பிணைப்பு மேடம்!”

“தண்ணி ஏன் இன்னும் வரலைன்னு கேக்க வந்தேன். கேன்காரர் காலையிலேயே வர்றேன்னாரு.”

சுடலைமுத்து அசடு வழிந்தார். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

“சார், ஒரே ஒரு கேள்விக்காவது நீங்க உடனே பதில் சொல்லாம இருங்க. அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டு உங்க தீசிஸ்ல கையெழுத்துப் போடுறேன்.”

“கண்டிப்பா மேடம்!” என்றார் அவர், உடனே.

சுடலைமுத்துவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. டவுன் பஸ் பாடம். கல்லுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை அவர் நடத்தும் விதமே தனி.

“லேய், கவனிங்க. ஆக்ஸிஜன் இருக்காம்லா, அவன் எலக்ட்ரானை வாங்கித் தின்னு ஊதிப்போனவன். எதிர்மின் அயனி. உலோகம் உள்ளதையெல்லாம் கொடுத்துட்டு இளைச்சுப்போனவன். நேர்மின் அயனி. ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸில ஏறுறாங்க. குண்டானவங்க முதல்ல சீட்டைப் பிடிச்சு வரிசையா உக்காந்துக்கிடுதாங்க. ஒல்லியானவங்க இடுக்குல நுழையுதாங்க. அவ்வளவுதாம்ல கல்லு!”

பையன்கள் கை தட்டுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாடம்தான். புத்தகங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. பஸ் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது கோமேதகத்தின் குடும்பம். மோதிரத்தில் பதிக்கிறார்களே, அதே கோமேதகம். கால்சியம், அலுமினியம், சிலிக்கான், மீதியெல்லாம் ஆக்ஸிஜன். அந்தக் கடற்கரையில் சில இடங்களில் மணலே செக்கச்செவேல் என்று கிடக்கும். அதுவும் இந்தக் குடும்பத்துக் கல் பொடிந்து வந்ததுதான். சுடலைமுத்து அந்தக் கல்லில் ஓர் உலோகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அரைத்துச் சுட்டு, அரைத்துச் சுட்டு, நாலைந்து புதுக் கற்கள் செய்திருந்தார். எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. எந்த அணு எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

ஆனாலும் ஆய்வை மதிப்பிடும் கமிட்டியில் மாட்டிக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் ரங்கமன்னார் கமிட்டியில் மூத்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆளைக் கவிழ்த்துவிடுவார். சுடலைமுத்து டவுன் பஸ் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க பஸ்ஸில சீட்டு எங்கேய்யா வரிசையா இருக்கு? உங்க எக்ஸ்ரே படத்தையே பாருங்க. ஒரு ஆக்ஸிஜன் இந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது. பெரியவங்களே தாறுமாறா உக்காந்திருக்காங்க. ஆனா மண்ணுலேருந்து எடுக்கும்போதே இந்தக் கல்லு பட்டை தீட்டின மாதிரி பன்னிரண்டு முகத்தோட வருது. இந்த ஒழுங்கு எங்கேயிருந்து வந்துச்சு?”

“வெப்பநிலை சார்!” என்றார் சுடலைமுத்து.

“என்ன வெப்பநிலை?”

“அழுத்தம் சார்!”

“என்ன அழுத்தம்?”

“ரெண்டும் சேர்ந்து சார்!”

ரங்கமன்னார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அடுத்த மீட்டிங்குக்கு இதுக்குப் பதிலோட வாங்க. இல்லைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது.”

அடுத்த மீட்டிங்தான் கடைசி மீட்டிங். அவருடைய ஆய்வுப் பதிவின் கெடுவை ஏற்கெனவே நீட்டியிருந்தார்கள், இனிமேல் நீட்ட வழியில்லை. அந்தக் கையெழுத்து விழவில்லையென்றால் செய்த கற்களையெல்லாம் கடலில் போட்டுவிட்டு, அடுத்த காலியிடம் எந்த ஊரில் என்று விசாரிக்க வேண்டியதுதான்.

வராந்தாவில் ஜெசிந்தாவை மடக்கினார்.

“மேடம், அந்த ஒழுங்கு எங்கேயிருந்துதான் வருது? நீங்களாவது சொல்லுங்க.”

“செஞ்சு பாருங்க சார்.”

“என்னத்த?”

“கல்லைத்தான்.”

அதோடு அவர் வகுப்புக்குப் போய்விட்டார். ஜெசிந்தா அப்படித்தான். நேராகக் கேட்டால் நேராகப் பதில் வராது.

சுடலைமுத்து கடைக்குப் போய் ஒரு மூட்டை பிங்பாங் பந்தும் ஒரு பை கோலிக்குண்டும் வாங்கி வந்தார். பந்துதான் ஆக்ஸிஜன், கோலிதான் உலோகம். பெரியவர்கள் முதலில், சின்னவர்கள் இடுக்கில். ஆய்வக மேஜையில் பசையைத் தடவித் தடவி அடுக்க ஆரம்பித்தார்.

பந்துகளை ஒழுங்காக அடுக்கினால் கோலி நிற்க வேண்டிய இடம் கோணிப்போயிற்று. எக்ஸ்ரே சொன்ன இடத்தில் பந்தை வைத்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பல்லை இளித்தது. பிய்த்து ஒட்டினார், ஒட்டிப் பிய்த்தார். பேனாவைப் பிடித்தால் விரலோடு ஒட்டிக்கொண்டது. மூன்று வாரம் போராடி, ஒரு வழியாகப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கல்லைக் கட்டி நிறுத்தினார். கோணல்தான், என்றாலும் நின்றது.

பெருமையாகப் போய் ஜெசிந்தாவைக் கூட்டிவந்தார்.

ஜெசிந்தா அதைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, மேலே இருந்த ஒரு பந்தைப் பிடுங்கினார்.

சுடலைமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது பந்து வந்தது, மூன்றாவது வந்தது. கோலிகள் பொலபொலவென்று உதிர்ந்து மேஜையிலிருந்து தரைக்கு ஓடின.

“மேடம்! ஐயோ மேடம்! மூணு வாரம்!”

“ம்.”

“மேடம், என் பொழைப்பே இதுலதான் இருக்கு!”

கடைசிப் பந்தையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஜெசிந்தா நிமிர்ந்தார்.

“கோலியைப் பொறுக்குங்க சார்.”

“பந்து?”

“பந்து எனக்கு. என் பையன் விளையாடுவான். இப்போ கோலியை மட்டும் நிக்க வையுங்க, எக்ஸ்ரே சொன்ன இடத்தில.”

“பந்து இல்லாம கோலி எப்படி மேடம் நிக்கும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பையோடு போய்விட்டார்.

சுடலைமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேஜைக்கு அடியில் தவழ்ந்து கோலி பொறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயசில் சின்னப் பொண்ணு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிடுங்கியிருக்கக் கூடாதா? இந்த வயசில் எனக்கு இது தேவையா? பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரைக்கும் மனசுக்குள் ஜெசிந்தாவைத் திட்டிக்கொண்டே போனார். போகிற வழியில் ஆய்வை விட்டுவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார்.

முடிவைச் சொன்னதும் மனைவி கோமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விடுங்க. ஆனா அந்தக் கோலி எப்படி நிக்கும்னு பார்த்துட்டு விடுங்க. இல்லைன்னா ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்து என் தூக்கத்தையும் கெடுப்பீங்க.”

பெண்டாட்டிக்குத் தெரியாதா ஆளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு அமளிதுமளிப்பட்டது. கோலியில் ஓட்டை இல்லை, நூலில் கோக்க முடியாது. கோமதி பழைய பாசிமணிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பச்சை கால்சியம், மஞ்சள் சிலிக்கான், சிவப்பு அலுமினியம். தூண்டில் நரம்பு ஒரு கண்டு வாங்கினார். கட்டிலின் கொசுவலைச் சட்டத்தில் மேலே ஒரு வரிசைக் குச்சி, பாதி உயரத்தில் ஒரு வரிசைக் குச்சி கட்டி, நடுவில் நரம்புகளை இழுத்து முடிந்தார். ஒவ்வொரு மணியையும் அதனதன் உயரத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்தினார். ஆக்ஸிஜனுக்கு ஒரு மணிகூடக் கிடையாது. எல்லாம் வெறும் காற்று.

“இன்னைக்கு எங்கே படுக்கிறது?” என்று கேட்டாள் கோமதி.

“தரையில!” என்றார் உடனே.

சாயங்காலம் கட்டி முடித்து நின்று பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. யாரோ மணியைக் கைநிறைய அள்ளி வீசி, அது பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று அலுத்துப்போனார். குனிந்து குனிந்து முதுகு வேறு பிடித்துக்கொண்டது. அம்மாடி என்று மணிகளுக்கு அடியில் கட்டிலில் நுழைந்து மல்லாந்து படுத்தார்.

படுத்தவர் அப்படியே கிடந்தார்.

தலைக்கு நேர் மேலே ஒரு பச்சை மணி. அதற்கு மேல் மஞ்சள், அதற்கு மேல் பச்சை, மறுபடி மஞ்சள். ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து நேர்கோடாக ஏறிப் போயிற்று. தலையை லேசாகத் திருப்பினார். இடமிருந்து வலமாக ஒரு கோடு, பச்சை மஞ்சள் பச்சை மஞ்சள். இன்னொரு கோடு தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. மூன்று திசையிலும் கோடுகள் ஓடின. எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் முட்டவில்லை, ஒன்றையொன்று விலகி விலகிப் போயின. சிவப்பு மணிகள் அந்தக் கோடுகளுக்கு நடுவே காவல்காரர் போலச் சம தூரத்தில் நின்றன. இம்மியளவு கோணல் இல்லை.

“கோமதி! ஏ கோமதி! இங்கே வந்து படு!”

“விளக்கு வைக்கிற நேரத்தில என்ன பேச்சு இது?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அவருக்கு அது காதில் விழவில்லை. இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மண்டை குடைந்தது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆய்வகக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய விளக்கப்படம் தொங்கும். அதன் மேல் யாரோ காலண்டரை மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். உலோகக் கலவைகளின் படம். அதில் மூன்றாவது கட்டத்தில் குரோமியமும் சிலிக்கானும் சேர்த்து உருக்கிய கலவை. மூன்று திசையிலும் ஒன்றையொன்று முட்டாத கோடுகள், நடுவே காவல்காரர்கள். அதே நிலைதான். அந்தக் கலவையில் ஆக்ஸிஜன் பேருக்குக்கூடக் கிடையாது.

ஜெசிந்தா வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டார். போன வாரத்துக் கோபம் எந்தப் பக்கம் போயிற்றோ தெரியவில்லை.

“மேடம், நிக்கிறாங்க!”

“யாரு சார்?”

“சின்னவங்க! ஆக்ஸிஜன் இல்லாமலே நிக்கிறாங்க. அந்த உலோகக் கலவையிலேயும் இதே மாதிரிதான் நிக்கிறாங்க. ஏன் மேடம் அப்படி?”

ஜெசிந்தா கைப்பையைக் கீழே வைத்தார்.

“ஸ்கூல் மைதானத்தில மாஸ் டிரில் நின்னிருக்கீங்களா?”

“நின்னிருக்கேன் மேடம்!”

“பி.டி. மாஸ்டர் விசில் அடிச்சதும் என்ன பண்ணுவீங்க?”

“கையை நீட்டுவோம். பக்கத்துப் பையன் மேல இடிக்காம எல்லாரும் தள்ளித் தள்ளி நிப்போம்.”

“மைதானத்தில முதல்லயே கோடு போட்டிருந்தாங்களா?”

“இல்லையே.”

“ஆனா வரிசை வந்துச்சா?”

“வந்துச்சு.” சுடலைமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “எல்லாரும் நேர்மின். ஒருத்தனை ஒருத்தன் தள்ளுறான். எவ்வளவு தள்ளி நிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிக்கிறான்!”

“கல்லுல அப்படிச் சொல்லலாம். உலோகக் கலவையில ஏன் அதே வரிசைங்கிறதுக்கு எனக்கும் முழுசாத் தெரியாது சார்.”

“அப்போ ஆக்ஸிஜன் எங்கே மேடம் உக்காந்திருக்கு?”

ஜெசிந்தா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிங்பாங் பந்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“ஒண்ணுதான் மிச்சம். மீதியைப் பையன் மிதிச்சுட்டான்.”

கமிட்டி கூடிய அன்று கொசுவலைச் சட்டம் குட்டியானை வண்டியில் பல்கலைக்கழகத்துக்குள் வந்து இறங்கியது. காவலாளி கட்டில் எங்கே என்று கேட்டார். நாலு பேர் பிடித்துத் தூக்கிக் கருத்தரங்கு அறையில் நிறுத்தினார்கள். கோமதி ஒரு டப்பாவில் கிளிமூக்கு மாங்காய் கீறி, ஒரு பொட்டலத்தில் கல்லுப்பும் வைத்து அனுப்பியிருந்தாள். நல்லது நடக்கிற இடத்தில் வாய்க்கு ஏதாவது இருக்கட்டும் என்று.

ரங்கமன்னார் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேள்வி ஞாபகம் இருக்கா?”

“ஒழுங்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க சார். இங்கே வாங்க. சிரமம் பாக்காம இப்படிக் குனிஞ்சு, அடியிலேருந்து மேலே பாருங்க.”

ரங்கமன்னார் குனிந்தார். கொஞ்சம் பொறுத்து முழங்காலிட்டார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேவிட்டார்.

“அட!” என்றார்.

சுடலைமுத்து அவர் கையில் பந்தைக் கொடுத்தார். “இதுதான் சார் ஆக்ஸிஜன். எக்ஸ்ரே சொல்ற இடத்தை நான் காட்டுறேன், நீங்களே பிடிங்க.”

ரங்கமன்னார் நரம்புகளுக்கு நடுவே கையை விட்டுப் பந்தைப் பிடித்தார். சுற்றிலும் இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. பந்து நாலுக்கும் நடுவே கச்சிதமாக அடங்கியது. வேறொரு இடத்தைக் காட்டினார். அங்கேயும் இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. இன்னோர் இடத்திலும் அதே நாலு பேர்.

“தாறுமாறா இருக்குன்னீங்களே சார், ஆக்ஸிஜன் தாறுமாறாவே இல்லை. நாம இத்தனை நாளும் அதை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தோம், அதான் அப்படித் தெரிஞ்சுது.” சுடலைமுத்துவின் குரல் ஏறியது. “பெரியவங்க உக்காந்த பிறகு இடுக்குல ஒண்டினவங்க இல்லை சார் இவங்க. இவங்கதான் முதல்ல நிக்கிறாங்க. யாரு வந்தாலும் வராட்டாலும் இப்படித்தான் நிக்கிறாங்க. பெரியவங்கதான் சார் இவங்க இடுக்குல வந்து உக்காந்திருக்காங்க! இத்தனை வருஷமா நான் தலைகீழா நடத்திட்டேன்!”

அவர் கல்லைப் பற்றி மட்டும்தான் பேசினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ரங்கமன்னார் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

“பிரமாதம்யா. எல்லாக் கல்லும் இப்படித்தானா?”

“எல்லாம் சார்! எல்லாமே!”

ஜெசிந்தா அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ரங்கமன்னார் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்தவரும் போட்டார். தாள் ஜெசிந்தாவிடம் வந்தது. கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கேள்வி வழிகாட்டியுடையது. அது வெறும் சம்பிரதாயம். எந்த வழிகாட்டியும் தன் மாணவரைக் கடைசி நேரத்தில் குடைய மாட்டார். ‘கேள்வி இல்லை, நன்றி’ என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். சுடலைமுத்துவும் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா பேனாவை எடுக்கவில்லை. மாங்காய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். பொட்டலத்தைப் பிரித்து, நல்ல சதுரமான கல்லுப்பாக ஒன்றைத் தேடி எடுத்தார். அதைக் கொண்டுவந்து சுடலைமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார்.”

“கேளுங்க மேடம்!”

“இதுல யாரு யாரோட இடுக்குல உக்காந்திருக்காங்க?”

சுடலைமுத்துவுக்குச் சிரிப்புதான் வந்தது. உப்பு! சோடியமும் குளோரினும்! வருஷா வருஷம் முதல் வகுப்பில் முதல் பாடமே இதுதான். குளோரின் பெரிசு, சோடியம் சின்னது. குளோரின் சீட்டில், சோடியம் இடுக்கில். பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

அங்கேயே நின்றுவிட்டது. இப்போதுதானே அதைத் தலைகீழ் என்று எல்லார் முன்னாலும் கத்தினார்?

அப்படியென்றால் சோடியம்தான் முதலில், குளோரின்தான் இடுக்கில். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கொசுவலைக்கு அடியில் படுத்த பழக்கம் அவரை விடவில்லை. எதற்கும் ஒருமுறை பிடுங்கிப் பார்ப்போம் என்று தோன்றியது.

மனசுக்குள் குளோரினை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சோடியம் மட்டும் நின்றது. சதுரம் சதுரமாக, மூலைக்கு ஒன்று, ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒன்று. அழகான வரிசை. சரி என்று எல்லாக் குளோரினையும் திரும்ப வைத்தார். இப்போது சோடியத்தைப் பிடுங்கினார். குளோரின் மட்டும் நின்றது. மூலைக்கு ஒன்று, ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒன்று. அதே வரிசை, அதே இடைவெளி. ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி வைத்தால் எது எதனுடையது என்று சொல்ல முடியாது.

மறுபடி பிடுங்கினார். மறுபடி வைத்தார்.

மின்விசிறிக் காற்றில் கொசுவலைச் சட்டத்து மணிகள் மெல்ல நடுங்கின. டீக்காரர் வந்து, அறையின் அமைதியைப் பார்த்துவிட்டு, டம்ளர்களை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார். சுடலைமுத்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் பட்டமும், நிரந்தர வேலையும், ஆசிரியர் அறை நாற்காலியும் எதிர் மேஜையில் ஒரு தாளில் கிடந்தன. அவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த உப்புக்கல்லைப் பற்றிப் பொய்யாக ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை. மெய்யாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவும் இல்லை. கை வியர்த்து உப்பின் ஓரம் கரையத் தொடங்கியிருந்தது.

ரங்கமன்னாருக்கே பொறுக்கவில்லை. சங்கடத்தோடு ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்தார்.

“என்ன மேடம் இது, கரை சேர்ந்த ஆளைக் கடைசியில பிடிச்சுத் தள்ளிட்டீங்க? மனுஷன் பதிலே சொல்லலையே.”

ஜெசிந்தா பேனா மூடியைத் திறந்து தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“சொல்லிட்டாரு சார்.”